அரையா, ஆறா

குடிநீர் வாரியத்தின் விபத்துப் படிவத்தில் பதினேழு கட்டங்கள் உண்டு. முதல் பதினாறைப் பற்றி யாருக்கும் கவலை கிடையாது. தேதி, தெரு, குழாயின் விட்டம், நின்றுபோன நேரம் என்று அவை பாட்டுக்கு இருக்கும். பதினேழாவதின் தலையில் ‘மூல காரணம், ஒரு வரியில்’ என்று அச்சாகியிருக்கும். அதை ஒட்டினாற்போல் ‘பொறுப்பு’ என்று ஒரு குட்டிக் கட்டம், ஒரே ஒரு பெயர் எழுதும் அளவுக்கு. அலுவலகத்தில் இரண்டையும் சேர்த்து மூலக் கட்டம் என்பார்கள். அதில் பேர் வந்தவன் அப்புறம் எந்த நாற்காலியிலும் உட்கார முடியாது என்பது அங்கே பழைய ஜோக்.

அந்தக் கட்டத்தை இருபத்தெட்டு வருடம் நிரப்பியவள்தான் ஒத்தவரி. அவளுக்கு வேறு பேர் இருந்தது. சம்பளச் சீட்டைத் தவிர எங்கேயும் அது புழங்கவில்லை. எவ்வளவு பெரிய விபத்தானாலும் அவளிடம் போனால் ஒரே வரியாக வெளியே வரும். ஒரு தெருவே மூழ்கியிருக்கும், நாலு பிரிவுகள் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டு நிற்கும், சாட்சிகள் ஆளுக்கொன்றாக உளறிக்கொட்டுவார்கள். ஒத்தவரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ‘இரவுப் பணியாளர் மோட்டாரை நிறுத்த மறந்தார்’ என்று எழுதி மை உலர ஊதுவாள். வேலை முடிந்தது. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டவர்களுக்குக்கூட அவள் பதில் ஒரு வரிதான். ‘நேரமில்லை.’

அவளை யாருக்கும் பிடிக்காது, அவளுக்கும் யாரையும் பிடிக்காது, கணக்கு நேராகிவிட்டது என்று விட்டுவிடலாம். ஆனால் ஒன்றைச் சொல்லாவிட்டால் அநியாயம். அந்த ஒரு வரிக்குள் அடங்காமல் தெறித்து விழுந்தவற்றை அவள் குப்பையில் போடவில்லை. ஒவ்வொரு படிவத்தின் அலுவலக நகலிலும், பின்பக்கம், பென்சிலால் பொடி எழுத்தில் எழுதிவைப்பாள். மேலே ‘மிச்சம்’ என்று தலைப்பு. மோட்டார் அறையில் அன்று விளக்கு எரியவில்லை. இரவுப் பணியாளர் தொடர்ந்து மூன்றாவது நாளாக வேலையில் இருந்தார். அலாரத்தின் சத்தம் யாருக்கோ எரிச்சலாக இருந்ததால் அதன் வாயில் துணி அடைத்திருந்தார்கள். இதெல்லாம் மிச்சம். படிவத்தின் முன்பக்கம் மேலிடத்துக்குப் போகும், பின்பக்கம் அவளுடைய இரும்பு அலமாரியில் தூங்கும்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அந்த மூலக் கட்டத்தில் அவள் எழுதிய ஒரு பேர், அவளுடைய கூடப்பிறந்த தங்கையின் புருஷன் பேர்.

அவர் வாரியத்தில் வால்வுக்காரர். தெருவுக்குக் கீழே புதைந்து கிடக்கும் பெரிய குழாய்களின் வால்வுகளை, குழிக்குள் இறங்கி, நீளமான சாவி போட்டுத் திருகித் திறப்பதும் மூடுவதும் வேலை. வாரியத்தில் சேர்ந்து ஒன்பது வருடமாகியும் தற்காலிகப் பணியாளர்தான். விபத்து நடந்த அன்று அவர் மூடிக்கொண்டிருந்த வால்வுக்கு மொத்தம் நாற்பது சுற்று. முப்பத்திரண்டு வரை கைபோன போக்கில் திருகலாம். கடைசி எட்டுச் சுற்றைத்தான் அரை அரையாக, நடுவில் ஐந்து நிமிடம் விட்டு விட்டு மூட வேண்டும். அவசரப்பட்டால் ஓடிவருகிற தண்ணீர் முட்டித் திரும்பி வேறெங்கோ குழாயை உடைத்துக்கொண்டு கிளம்பும்.

குழிக்குள் இருப்பவருக்கு மேலே கட்டுப்பாட்டு அறையிலிருந்து வயர்லெஸ்ஸில் உத்தரவு வரும். அன்று மதியம் வயர்லெஸ் பார்க்கும் பெண் சாப்பிடப் போயிருந்தாள். அவளுக்குப் பதிலாக முக்கால் மணி நேரம் உட்கார்ந்தவள் ஒத்தவரி. கரகரவென்று இரைச்சல். பக்கத்து மேஜையில் வேறொரு போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவள் ‘அரைச் சுத்து’ என்றாள். குழிக்குள் அது ‘ஆறு சுத்து’ என்று விழுந்தது. வால்வுக்காரருக்கே அது உறுத்தியிருக்கிறது. “ஆறா?” என்று திருப்பிக் கேட்டார். அவள் காதில் அது “அரையா?” என்று விழுந்தது. “ஆமா” என்றாள்.

ஆறு நிமிடத்துக்குள் நாலு தெரு தள்ளி ஓர் அச்சகத்தின் சுவருக்கு அடியில் குழாய் வெடித்தது. சுவர் சரிந்து, பைண்டிங் செய்கிற ஒருவரின் கால் போனது.

விசாரணைக்கு வால்வுக்காரர் அவள் எதிரில் வந்து உட்கார்ந்தார். சாட்சிகளை உட்கார வைப்பதற்கென்றே அவள் ஒரு கால் ஆடும் நாற்காலி வைத்திருந்தாள். உறவெல்லாம் வெளியே வைத்துவிட்டு ‘நீங்க’ போட்டுக் கேட்டாள்.

“எத்தனை சுத்து மூடினீங்க?”

“ஆறு. ஆனா நான் திருப்பிக் கேட்டேன் அக்கா. ஆறான்னு கேட்டேன். ஆமான்னீங்க. சீக்கிரம்னும் சொன்னீங்க.”

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. உத்தரவு எத்தனை?”

“அரைன்னு இப்பத்தானே தெரியுது.”

‘அரைச் சுற்றுக்குப் பதிலாக ஆறு சுற்று மூடப்பட்டது. பொறுப்பு: வால்வுப் பணியாளர்.’ எழுதி ஊதினாள். அந்த வரியில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. இருபத்தெட்டு வருடமும் அவளுடைய பெருமையே அதுதான், எழுத்துக்கு எழுத்து உண்மை. உத்தரவு கொடுத்தது யார் என்று கேட்கப் படிவத்தில் கட்டம் இல்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் அவளுக்கும் இல்லை. தற்காலிகப் பணியாளரை அனுப்ப ஒரு தாள் போதும். அடுத்த வாரமே அனுப்பிவிட்டார்கள்.

இனி வீட்டைப் பற்றி. அப்பா கட்டிய வீடு. கீழே அக்கா, மேலே தங்கை குடும்பம். தண்ணீர்த் தொட்டி மொட்டை மாடியில் ஒன்றே ஒன்று. கீழே போகும் குழாயின் வால்வு தங்கையின் சமையலறை ஜன்னலுக்கு வெளியே, கைக்கெட்டும் தூரத்தில். வேலை போன நாளிலிருந்து தங்கை அக்காவோடு பேச்சை நிறுத்தினாள்; பேச்சுக்குப் பதில் வால்வை வைத்துக்கொண்டாள். ஒத்தவரி குளிக்கப் போய், தலையிலிருந்து கால் வரை சோப்புப் போட்டு முடிக்கும் நேரம் பார்த்துத் தண்ணீர் நிற்கும். பத்து நிமிடம். ஒரு நிமிடம் கூடாது, குறையாது. கண்ணில் சோப்போடு அவள் நின்றுகொண்டிருப்பாள், மேலே தங்கை யாரிடமோ பேசுகிற சாக்கில் ஜன்னல் பக்கம் வந்து கத்துவாள்.

“ஆறான்னு கேட்டாராம், ஆமான்னாளாம். சீக்கிரம்னு வேற சொன்னாளாம். கூடப்பிறந்தவளா இவ? குழிக்குள்ள தள்ளி மண்ணையும் போட்டுட்டு ஒரு வரி எழுதிட்டா.”

ஒத்தவரி வழுக்காமல் ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு, இடம் இல்லை, ஒரு வரிக்குத்தான் இடம் என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள். இப்படியே பதினோரு வருடம் குளித்தாள்.

இந்த நிலவரத்தில்தான் புதிய தலைமைப் பொறியாளர் வந்தார். வந்தார் என்றால் எங்கிருந்தோ குதித்துவிடவில்லை. இதே வாரியத்தில் பகுதிப் பொறியாளராக இருந்து, மேலே ஏறி, மூன்று மாதம் ஏதோ பல்கலைக்கழகத்தில் பயிற்சிக்குப் போய், ஆளே மாறித் திரும்பியவர். போகும்போது சட்டையை உள்ளே விட்டிருந்தார், வரும்போது வெளியே விட்டிருந்தார். முதல் கூட்டத்திலேயே எல்லோரையும் வட்டமாக உட்காரச் சொன்னார். அரங்கின் நாற்காலிகள் தரையோடு திருகப்பட்டிருந்ததால் வட்டமாக நிற்க வேண்டியதாயிற்று.

“இந்த உலகத்தைக் கடிகாரமா நினைச்ச காலம் போச்சு,” என்றார். “கடிகாரம் நின்னா ஒரு சக்கரம் உடைஞ்சிருக்கும், அதை மாத்தினா ஓடும். அது பழைய அறிவியல். வானிலையைப் பாருங்க. எறும்புப் புத்தைப் பாருங்க. நம்ம மூளையைப் பாருங்க. அங்கெல்லாம் ஒரு காரணம்னு ஒண்ணு கிடையாது. ஆயிரம் சின்னச் சின்ன விஷயம் ஒண்ணோடொண்ணு பேசிக்குது. அந்தப் பேச்சிலேருந்து புதுசா ஒண்ணு முளைக்குது. எல்லாம் ஒரு வலை. இதுக்குப் பேரு சிக்கலமைப்புச் சிந்தனை.”

“நமக்குத் தினம் சிக்கல்தான் சார்,” என்றான் பின்னால் நின்ற பம்ப் மெக்கானிக். “இதுக்கு ஒரு படிப்பா?”

எல்லோரும் சிரித்தார்கள், தலைமைப் பொறியாளரும் பெருந்தன்மையாகச் சிரித்தார். அன்று மாலைக்குள் அவருக்கு வலை என்று பேர் விழுந்துவிட்டது. மறுநாள் வலை செய்த முதல் காரியம், விபத்துப் படிவத்தின் பதினேழாவது கட்டத்தை ஒழித்தது. இனி மூல காரணம் இல்லை. பொறுப்பும் இல்லை. ஒரு முழு வெள்ளைத் தாள். அதில் வட்டங்கள் போட்டு, வட்டத்துக்கு வட்டம் அம்புக்குறி போட வேண்டும். அதற்குத் தொடர்புப் படம் என்று பேர்.

ஒத்தவரிக்கு வயிறெரிந்தது. ஒரு வரியில் சொல்லத் தெரியாதவன்தான் பக்கம் பக்கமாகப் படம் போடுவான் என்று வலையின் முகத்துக்கு நேராகவே சொன்னாள். “எல்லாம் எல்லாத்துக்கும் காரணம்னா, எதுவும் எதுக்கும் காரணம் இல்லேன்னு அர்த்தம் சார். தண்ணி வரலேன்னு கேக்கறவங்ககிட்ட எறும்புக் கதையா சொல்றது?”

“நீங்க பழைய சட்டகத்துல மாட்டிக்கிட்டீங்க மேடம்,” என்றார் வலை, நோயாளியிடம் பேசுகிற குரலில். அந்தக் குரலுக்காகவே அவரை அவள் ஒரு மாதம் வெறுத்தாள்.

அந்த மாதக் கடைசியில் வாரியம் ஓர் அறிவிப்பு ஒட்டியது. தெருவுக்கடியில் பாதி வால்வுகள் எங்கே இருக்கின்றன என்றே இப்போது யாருக்கும் தெரியாது, வரைபடங்கள் கரையான் வயிற்றில் இருக்கின்றன, ஆகவே பழைய வால்வுக்காரர்களைத் திரும்ப நிரந்தர வேலைக்கு எடுக்கிறோம் என்று. தங்கை புருஷன் விண்ணப்பித்தார். பதினோரு வருடமாக வீடு வீடாகக் குளியலறைக் குழாய் மாட்டிக்கொண்டிருந்த மனிதர், சட்டைக்குப் பெட்டி போட்டுக்கொண்டு போய் வரிசையில் நின்றார். ஏழாம் நாள் விண்ணப்பம் திரும்பி வந்தது. மேலே ரப்பர் முத்திரை: ‘பழைய கோப்பில் பொறுப்பு உள்ளது. தகுதியில்லை.’

தங்கை அதை மாடிப்படியிலிருந்து கீழே வீசினாள். காகிதம் மெதுவாக வந்து அக்காவின் செருப்பின்மேல் விழுந்தது. அன்று தங்கை கத்தவில்லை, தண்ணீரையும் நிறுத்தவில்லை. ஒத்தவரி நிம்மதியாகக் குளித்து முடித்தாள். முடித்தபிறகு அந்தக் காகிதத்தை எடுத்து மறுபடி படித்தாள்.

மறுநாள் அவள் அலமாரியைத் திறந்து பதினோரு வருடத்துக்கு முந்திய கோப்பை எடுத்தாள். பின்பக்கம் பென்சில் எழுத்து மங்கிப் போயிருந்தது. ‘மிச்சம்: ஆறா என்று திருப்பிக் கேட்டதாகச் சொல்கிறார். எனக்கு அரையா என்று கேட்டது. ஆமா என்றேன். வயர்லெஸ்ஸில் இரைச்சல், நான்கு மாதமாகப் புகார். அதே நேரம் மின்தடையால் பம்ப் ஒரு முறை நின்று ஓடியது. குழாயிலிருந்து காற்று வெளியேறும் மூடியின்மேல் சாலை போடுபவர்கள் தார் ஊற்றியிருக்கிறார்கள். தோண்டச் சொல்லி மூன்று கடிதங்கள், பதில் இல்லை.’

யார் முகத்திலும் முழிக்காமல் ஓர் அறைக்குள் போய், வலையின் வெள்ளைத் தாளை விரித்தாள். வீம்புக்குத்தான் ஆரம்பித்தாள். இந்தப் படம் உதவாது என்று நிரூபிக்க வேண்டும். ஒரு வட்டத்தில் பம்ப். பம்ப் நின்று ஓடுவது மாதத்தில் பத்துத் தடவை நடக்கும், எந்தக் குழாயும் வெடித்ததில்லை. இன்னொரு வட்டத்தில் தார். அது இரண்டு வருடமாக அங்கேதான் கிடந்தது. இன்னொன்றில் ஆறு சுற்று. வேறு வால்வுக்காரர்கள் அவசரத்துக்கு எட்டுச் சுற்றுகூட ஒரே மூச்சில் மூடியிருக்கிறார்கள், மிச்சத்தில் எழுதிவைத்திருக்கிறாள், ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்றில் இரைச்சல். அது எந்நாளும் உண்டு. ஒவ்வொன்றாக எடுத்தால் எல்லாம் அப்பாவி. அந்த ஒரு மதியம், அந்த ஆறு நிமிடத்தில், நாலும் கூடின. கூட்டத்தில் யார் சுவரைத் தள்ளியது என்று கேட்டால் யாரும் இல்லை. ஆனால் சுவர் விழுந்தது.

அப்புறம்தான் ‘ஆறா’வுக்கும் ‘ஆமா’வுக்கும் நடுவே அம்பு போடப் போனாள். இங்கிருந்து அங்கே ஒன்று போட்டாள். அங்கிருந்து இங்கேயும் ஒன்று போட வேண்டியிருந்தது. அவர் தப்பாகக் கேட்டதை இவள் தப்பாகக் கேட்டு, சரி என்று சொல்லி, அவருடைய தப்பை உறுதியாக்கியிருக்கிறாள். சந்தேகம் வந்தால் திருப்பிக் கேள் என்பதுதான் விதி. விதிப்படி அவர் கேட்டார், விதிப்படி இவள் பதில் சொன்னாள், அதனாலேயே தப்பு இறுகிப்போனது. இரண்டு அம்பும் சேர்ந்து வட்டமாகச் சுழன்றன.

இருபத்தெட்டு வருடம். முந்நூற்றுச் சொச்சம் படிவம். ஒவ்வொன்றின் பின்பக்கமும் இப்படித்தான் இருக்கும். எழுத்துக்கு எழுத்து உண்மையாக எழுதி, மொத்தத்தில் பொய்யாக அனுப்பியிருக்கிறாள். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. முதலில் வலையின்மேல், அவர் சொன்னது சரியாகப் போய்விட்டதே என்று. அப்புறம் தன்மேல். அது பிறகு எங்கும் போகவில்லை.

படத்தை எடுத்துக்கொண்டு போய் வலையின் மேஜையில் வைத்தாள். ‘ஆமா’ என்ற வட்டத்துக்குள் தன் பேரை எழுதியிருந்தாள், சம்பளச் சீட்டில் உள்ள பேர்.

வலைக்கு வாயெல்லாம் பல். “அற்புதம் மேடம். இந்தச் சுழல் இருக்கு பாருங்க, பாடப் புத்தகத்துல போடலாம். இதைத்தான் நான் வந்த நாளிலேருந்து சொல்றேன்.” சிவப்புப் பென்சிலை எடுத்தார். ‘ஆமா’ வட்டத்திலிருந்து அவள் பேரை அடித்துவிட்டு ‘தகவல் பெறுநர்’ என்று எழுதினார். “புதுச் சிந்தனையில பேர் வராது. நாம ஆளைத் தேடறதில்லை, உறவுகளைத் தேடறோம்.” அடுத்து ‘மூன்று கடிதங்கள், பதில் இல்லை’ என்ற வட்டத்துக்கு வந்தார். பென்சில் கொஞ்சம் நின்றது. அந்தக் கடிதங்கள் போய்ச் சேர்ந்த மேஜை அந்தக் காலத்துப் பகுதிப் பொறியாளருடையது, அதாவது அவருடையது. அதை அடித்து ‘தகவல் ஓட்டத்தில் தாமதம்’ என்று எழுதினார்.

அடுத்த வாரமே ஒரு கருத்தரங்கு. ஒத்தவரியின் படம் சுவர் அளவுக்குப் பெரிதாகத் திரையில் விழுந்தது. வலை ஒரு குச்சியால் அம்புகளைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். எந்தத் தனி மனிதருடைய தவறும் இல்லாமலே ஒரு கால் எப்படிப் போக முடியும் என்பதை அவர் விளக்கியபோது நெகிழ்ந்து கைதட்டினார்கள். முதல் வரிசையில் ஒருவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். பைண்டிங்காரர் இந்தப் பக்கம் வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியாது. அவரை யாரும் கூப்பிடவில்லை.

தேநீர் இடைவேளையில் ஒத்தவரி வலையை மடக்கினாள்.

“தப்பு யார் மேலயும் இல்லேன்னு நீங்களே மேடையில சொல்லிட்டீங்க. அப்ப என் தங்கச்சி புருஷனை வேலைக்கு எடுத்துக்கலாம்ல?”

“அது வேற விஷயம் மேடம். அது பழைய கோப்பு.”

“இதுவும் அதே கோப்புதான் சார்.”

“யார் பொறுப்புன்னு கேக்கறதே பழைய கேள்வி. புதுப் பார்வையில அந்தக் கேள்வியே கிடையாது. கிடையாத கேள்விக்கு நான் எப்படிப் பதில் எழுதறது?” பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார். “ஒட்டுமொத்தமாப் பாருங்க. ஒரு ஆளையே பாக்காதீங்க.”

அவளுக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. பழைய தாளில் சின்ன ஆளின் பேர் மட்டும் வரும். புதுத் தாளில் யார் பேரும் வராது. ஆகவே ஏற்கெனவே வந்த பேர் அங்கேயே இருக்கும், வர வேண்டிய பேர் வரவே வராது. படம் பொய்யில்லை. அவள் போட்ட படம், அவளுக்குத் தெரியும். உண்மையான ஒரு படத்தை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் தன் மேஜையைத் துடைத்துக்கொண்டுவிட்டார், அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

பணியாளர் பிரிவில் ஒரு கிழட்டு எழுத்தர் இருந்தார். ஓய்வுபெற ஐந்து வாரம் பாக்கி, ஆகவே யாருக்கும் பயப்படாதவர். அவரிடம் போனாள். படத்தை நீட்டினாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கோலம் நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா இதை எந்தப் பதிவேட்டுல ஏத்துவேன்? பழைய படிவத்தை ரத்து பண்ணணும்னா பழைய படிவம்தான் வேணும். மறு அறிக்கை. மூல காரணம் ஒரு வரி, பொறுப்பு ஒரு பேரு. புதுசா ஒரு பேரு வந்தாத்தான் பழைய பேரு எறங்கும்.”

“ரெண்டு பேரு எழுதலாமா?”

“கட்டத்துல எடம் இருந்தா எழுதுங்க.”

இடம் இல்லை. அவளைவிட அது யாருக்குத் தெரியும்.

அவர் அலமாரிக்கு அடியிலிருந்து தூசு தட்டி ஒரு பழைய படிவத்தை எடுத்துக் கொடுத்தார். ஒத்தவரி தன் அறைக்கு வந்து, சாட்சிகளுக்கான கால் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் அதுவரை அவள் உட்கார்ந்ததில்லை. பதினாறு கட்டங்களையும் நிரப்பினாள். பதினேழாவதில் நின்றாள். இங்கே என்ன எழுதினாலும் பொய் என்று இப்போது அவளுக்குத் தெரியும். முன்பு தெரியாமல் எழுதிய பொய்யை இனி தெரிந்து எழுத வேண்டும். பம்ப், தார், இரைச்சல், கடிதங்கள் எல்லாவற்றையும் மறுபடி பின்பக்கத்துக்குத் தள்ள வேண்டும்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுதினாள். ‘“ஆறா?” என்று கேட்ட பணியாளரிடம் “ஆமா, சீக்கிரம்” என்று வயர்லெஸ்ஸில் சொல்லப்பட்டது.’ பொறுப்புக் கட்டத்தில் தன் பேர்.

‘சீக்கிரம்’ என்ற சொல்லை அவள் பதினோரு வருடமாகப் பென்சிலால்கூட எழுதியதில்லை. அது நடந்தது. பக்கத்து மேஜை போன் அடித்துக்கொண்டிருந்தது, பசி வேறு, சொன்னாள். மிச்சத்திலும் மிச்சமாக அதை அவள் நெஞ்சுக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருந்தாள். எழுதியதும் ஊதவில்லை, மை அதுவாக உலரட்டும் என்று விட்டுவிட்டாள்.

வலையின் கையெழுத்து வேண்டியிருந்தது. அவர் படித்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

“இவ்வளவு புரிஞ்சுக்கிட்ட நீங்களே திரும்பக் கடிகாரத்துக்குப் போறீங்களே மேடம். இது பின்னோக்கிப் போறது. இதுல நான் கையெழுத்துப் போட முடியாது.”

“போடுங்க சார். இல்லேன்னா இதைக் கிழிச்சிட்டு வேற எழுதறேன். மூல காரணம், மூணு கடிதத்துக்குப் பதில் போடல. பொறுப்புக்கு உங்க பேரு. அதுவும் ஒரு வரியில அழகா அடங்கும்.”

வலை அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். சிக்கலமைப்பைப் பற்றி அதற்குப் பிறகு அவர் அவளிடம் எதுவும் பேசவில்லை.

ஒரே கட்டம், ஒரே குற்றம். தற்காலிக வால்வுக்காரரை அது வீட்டுக்கு அனுப்பியது. நிரந்தர ஊழியையை என்ன செய்தது என்றால், இடமாற்றம். விசாரணைப் பிரிவிலிருந்து எடுத்து, யோசிக்காமல் எங்கே இடம் காலியோ அங்கே போட்டார்கள். கட்டுப்பாட்டு அறையில் வயர்லெஸ் பார்க்கும் நாற்காலி காலியாக இருந்தது. வயர்லெஸ்ஸில் தப்பாகச் சொன்னவளை வயர்லெஸ்ஸுக்கே அனுப்பிய புத்திசாலித்தனத்தை அலுவலகம் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அவளை ஏளனம் செய்யாதது அந்தக் கட்டடத்தில் பூனை மட்டும்தான்.

வால்வுக்காரருக்கு வேலை ஆணை வந்தது. கூடவே மறு அறிக்கையின் நகலும் வந்தது. அன்று மாலை ஒத்தவரி வீட்டுக்கு வந்தபோது தங்கை மாடிப்படியில் பாதி இறங்கி நின்றுகொண்டிருந்தாள், கையில் அந்த நகலோடு. ஒரு சொல்லின்மேல் விரலை வைத்திருந்தாள்.

“சீக்கிரம்னு சொன்னியா?”

“சொன்னேன்.”

“பதினோரு வருஷமா அவரு பொய் சொல்றாருன்னு உலகமே நினைச்சது. நானே ரெண்டு தடவை நினைச்சிருக்கேன். தெரியுமா உனக்கு?”

“தெரியாது.”

“இதை எழுத உனக்கு ஒரு நிமிஷம் ஆயிருக்குமா?”

“இல்ல. அதுக்கும் கம்மிதான்.”

“சீ,” என்றாள் தங்கை. திரும்பி மேலே ஏறினாள். அக்காவும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஒரு வரியில் அதைக் கேட்க முடியாது என்பது தெரிந்திருந்தது, அதற்கு மேல் எப்படிப் பேசுவது என்று அவள் பழகவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஒரு மதியம், கட்டுப்பாட்டு அறையில் வயர்லெஸ் கரகரத்தது. பதினோரு வருடமாகியும் அந்த இரைச்சலை மட்டும் யாரும் சரிசெய்யவில்லை. குழிக்குள்ளிருந்து வந்த குரல் அவளுக்குத் தெரிந்த குரல்.

“முப்பத்திரண்டு ஆச்சு. இனி எவ்வளவு?”

அவள் வாயில் ‘அரை’ வந்தது. விழுங்கினாள்.

“பாதி. பாதிச் சுத்து.”

இரைச்சல். பிறகு, “பாதியா?”

“ஆமா. பாதி. மெதுவாப் பண்ணுங்க, மாப்பிள்ளை.”

“பாதி,” என்றது குரல். பதினோரு வருடத்தில் அவர் அவளிடம் பேசியது அவ்வளவுதான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, பதினாறு தடவை, அவர் ‘பாதி’ என்றார், அவளும் ‘பாதி’ என்றாள். எந்தத் தெருவிலும் எதுவும் வெடிக்கவில்லை. வெடிக்காததற்கு எந்தப் படிவமும் கிடையாது.

அன்று மாலை அவள் குளிக்கப் போனாள். சோப்புப் போட்டு முடித்த நேரம் பார்த்துத் தண்ணீர் நின்றது. வழக்கம்போலக் குழாயைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, நிமிடங்களை எண்ணினாள். எப்போதும் பத்து நிமிடம் நிற்கிற தண்ணீர் அன்று ஐந்தாவது நிமிடம் வந்துவிட்டது.